ஒரு கைக்குக் கஃபன்

கலஃபுக்கு உயிர் இருக்கும்போதே அவன் வலது கையை அடக்கம் செய்துவிட்டார்கள். மின்யா நகரத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில், வெள்ளை மலைக்குக் கீழே இருக்கிற ஊர் அவனுடையது. அங்கே மனித உடம்பிலிருந்து போனது எதையும் குப்பையில் போட மாட்டார்கள். தம்பி யூனுஸ் ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கையை வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, வாப்பாவின் கபுருக்குப் பக்கத்தில் சின்னதாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தான். கலஃப் அப்போது மருந்து மயக்கத்தில் கிடந்தான். அவன் கண் விழித்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது தம்பி அல்ல, ஒரு போலீஸ்காரர்.

"யாரோட செம்புக் கம்பியைத் திருடப் போன?" என்று கேட்டார் அவர்.

கலஃபுக்குப் புரியவில்லை. போலீஸ்காரர் பொறுமையாக விளக்கினார். குவாரி முதலாளி ஹாஜி கினாவி எழுதிக் கொடுத்திருக்கிறாராம்: முன்பின் தெரியாத ஒருவன் மின்சாரக் கம்பி திருட வந்து, ஓடுகிற இயந்திரத்தில் விழுந்து, கையைப் பறிகொடுத்துவிட்டான். மனிதாபிமானத்தில் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டோம்.

முன்பின் தெரியாத ஒருவன். தாடி முளைப்பதற்கு முன்பிருந்தே கலஃப் அந்த ஹாஜியின் குவாரியில் கல் அறுத்தவன். ஹாஜியின் மகள் கல்யாணத்தில் விருந்துத் தட்டு சுமந்தவன். கை போனது ஒரு வலி. இந்தச் சொல் வேறு மாதிரி வலித்தது. தையல் பிரித்த பிறகும் ஆறவில்லை.

கலஃபைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு: "அது ஒட்டகம், எதையும் மறக்காது." சின்ன வயதில் பக்கத்து வீட்டு வாத்து ஒன்று அவன் தொடையைக் கடித்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அவன் அழவில்லை, வாத்தின் மேல் கல்லும் எறியவில்லை. பெருநாள்வரை கூலிக் காசைச் சேர்த்து, அதே வாத்தை முறையாக விலை பேசி வாங்கி, அறுத்துத் தின்றான். விற்ற வீட்டுக்காரிக்கு ஒரு கிண்ணம் குழம்பும் அனுப்பினான். அவனுடைய பழி அப்படிப்பட்டது. ஊர் அதைச் சிரிப்புக்கதையாக மட்டுமே நினைவில் வைத்திருந்தது. அது ஊரின் தப்பு.

வெள்ளை மலையில் கல் அறுக்கிற வேலை இப்படி. பாறையின் மேல் தண்டவாளம் போட்டு, அதன் மேல் இரட்டை வட்டவாள் பூட்டிய வண்டியை ஓட்டுவார்கள். சுண்ணாம்புத் தூள் புகையாக எழும்பும். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, மாவுமில்லில் பிறந்தவர்கள் மாதிரி வெள்ளையாக வீடு திரும்புவார்கள். வாளுக்கு ஓர் இரும்பு மூடி உண்டு. மூடி இருந்தால் தூள் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி நிறுத்தித் தட்ட வேண்டும். ஹாஜி அதைக் கழற்றிப் போடச் சொல்லிவிட்டார். சுண்ணாம்புப் பாறைக்குள் எங்காவது கெட்டியான தீக்கல் முடிச்சு ஒளிந்திருக்கும். அன்று வாள் அதில் பட்டது, துள்ளியது, அவ்வளவுதான்.

வீடு திரும்பிய கலஃப் முதலில் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்குத்தான் போனான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கையை விரித்தார். "உங்க பேரே எங்ககிட்ட இல்லையே. நீங்க அங்க வேலை செஞ்சதா யார் சொன்னா?"

பிறகு மின்யாவில் வக்கீல் தமியானாவைப் பார்க்கப் போனான். குவாரித் தொழிலாளிகளின் வழக்குகளை எடுத்து நடத்துகிற கிறிஸ்தவப் பெண்மணி. நாக்கில் எப்போதும் கொஞ்சம் காரம் இருக்கும். எல்லாரும் மரியாதையாக 'உஸ்தாதா' என்று அழைப்பார்கள்.

"உஸ்தாதா, என் பேரை அவன் எங்கயும் பதியவே இல்லை. இனிமே ஒண்ணும் கிடைக்காதா?"

"யார் சொன்னா? பதியாதது அவன் குத்தம், உன் குத்தம் இல்லை. வேலை நேரத்துல, வேலை செய்யற இடத்துல அடிபட்டா, பதிஞ்சிருந்தாலும் பதியாட்டாலும் அலுவலகம் உனக்குக் குடுத்துத்தான் ஆகணும். அப்புறம் அது அவன் கழுத்துல துண்டைப் போட்டு, பழைய பாக்கி, அபராதம் எல்லாத்தையும் அவன்கிட்டேருந்து கறக்கும். சின்னக் காயம்னா ஒரே தடவை குடுத்து அனுப்பிடுவாங்க. உனக்குத் தோளுக்குக் கொஞ்சம் கீழ போயிருக்கு. உனக்கு ஆயுசு முழுக்க மாசாமாசம். உனக்கப்புறம் உன் பொண்டாட்டிக்கு."

"நான் போதை மாத்திரை போட்டிருந்தேன்னும் சொல்லிட்டுத் திரியறான்."

"போட்டிருந்தியா?"

"டீ குடிச்சிருந்தேன்."

"போட்டிருந்தாலும் கவலை இல்லை. போதையில அடிபட்டா ஒண்ணும் கிடையாதுங்கறது சின்னக் காயத்துக்கு. இவ்வளவு பெருசா ஊனமாயிட்டா அந்தச் சாக்கு செல்லாது. சட்டத்துல உனக்கு எல்லாம் இருக்கு கலஃப். ஒண்ணே ஒண்ணு இல்லை. நீ அவன் ஆளுன்னு சொல்ல ரெண்டு வாய் வேணும். எந்த வழியில நிரூபிச்சாலும் நீதிமன்றம் ஏத்துக்கும், ஆனா யாராவது வந்து சொல்லணும்."

எழுந்து போகும்போது கலஃப் ஒன்று கேட்டான். "நாளைக்கு ஊர்ல சமரசம் பேசி நான் அவனை மன்னிச்சுட்டா?"

"கை போனதுக்கு அவன் மேல வர்ற போலீஸ் வழக்கை நீ மன்னிக்கலாம். காப்பீட்டை மன்னிக்க உனக்கே உரிமை கிடையாது. எழுதிக் குடுத்தாலும் செல்லாது. ஏன் கேக்கறே?"

"சும்மாதான்," என்றான் கலஃப்.

ரெண்டு வாய். அவனோடு ஒரே வண்டியில் வேலை செய்தவர்களே பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அன்று அவன் கையில் முண்டாசைக் கட்டி ரத்தத்தை நிறுத்தியவன் பக்கீத். அவனிடம் முதலில் போனான். பக்கீத் ரொட்டியும் பழைய பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தான். வெங்காயத்தைத் தானே உடைத்துக் கொடுத்தான். பேச்சு சாட்சிக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"கலஃபு, எனக்கு நாலு பொண்ணு. உனக்காக என் கையைக்கூடத் தருவேன். நாக்கை மட்டும் கேக்காதே."

"உன் கையை வெச்சு நான் என்ன பண்ண? எனக்கு நாக்குதான் வேணும்."

"அது ஹாஜிகிட்ட அடகுல இருக்கு," என்றான் பக்கீத்.

எல்லா வீட்டிலும் ரொட்டி கிடைத்தது. எந்த வீட்டிலும் வாய் கிடைக்கவில்லை. கோழைகள் என்று ஏசிவிட்டுப் போகலாம், கலஃபும் மனசுக்குள் ஏசினான். ஆனால் ஹாஜி கினாவி நினைத்தால் அந்த மலையில் எந்தக் குவாரியிலும் ஒருவனுக்கும் வேலை கிடைக்காது. இதுவும் அவனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கலஃப் செய்ததை ஊர் இன்னும் பேசுகிறது. மாமன் மச்சான்களும் தெருக்காரர்களும் கைக்குத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். "அல்லாஹ் உனக்கு வேற விதத்துல ஈடு பண்ணுவான்" என்று சொல்லி உட்காரப் போனார்கள். கலஃப் எழுந்து வாசலில் நின்றான். வெறும் சட்டைக்கையை அவன் ஊசி குத்தி மடிப்பதே இல்லை. காற்றில் ஆடட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று விட்டிருந்தான்.

"இந்த வீட்டுல இப்போதைக்குத் துக்கம் வாங்கறதில்லை," என்றான்.

வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். அந்த மண்ணில் இதற்கு ஒரே அர்த்தம்தான். கொலை விழுந்த வீட்டில்தான் அப்படிச் சொல்வார்கள். பழி தீர்க்கும்வரை துக்கம் வாங்க மாட்டார்கள், தீர்த்த பிறகுதான் பாய் விரிப்பார்கள். கைக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. ஆனால் கையைத்தான் அடக்கம் செய்தாகிவிட்டதே, கபுரும் இருக்கிறதே, யார் என்ன வாதாட முடியும்? பிற்பகல் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது: கலஃப் ஒரு கை கேட்கிறான்.

அவன் மனைவி பஹீஜா அன்றைக்கே வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் துணியில் சுற்றித் தன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து அவன் முன்னால் நின்று, எப்போதும்போல மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"மஹ்ரூஸ் வாப்பா, ஒத்தைக் கையால யாரை வெட்டப் போறீங்க? வெட்டிட்டு நீங்க ஜெயிலுக்குப் போனா நான் யார் வீட்டுல மாவு பிசையறது?"

"நான் வெட்டுவேன்னு சொன்னேனா?"

"வாத்தை அறுப்பேன்னு நீங்க முன்னாடியே சொல்லிட்டா செஞ்சீங்க?"

கலஃபுக்குச் சிரிப்பு வந்தது. அடிபட்ட பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. விவரம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயப்படுவதை நிறுத்திவிடுவாள். அவள் பயந்தால்தான் கிணற்றடியில் பேச்சு ஓடும், ஓடுகிற பேச்சு ஹாஜியின் வீட்டுக்குப் போகும்.

போனது. ஹாஜி கினாவி வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு வருவதை விட்டார். குவாரிக்கு வண்டியில் முன்னும் பின்னும் ஆள் வைத்துப் போனார். டீக்கடைப் பக்கம் தலை காட்டவில்லை. கலஃப் தினமும் காலையில் ஹாஜியின் வீட்டுத் தெருவில் மெதுவாக நடந்து போவான், யார் முகத்தையும் பார்க்க மாட்டான். ஹாஜியின் மாடி ஜன்னல் சாத்தப்படுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அவனுக்குப் பேரீச்சம்பழம் தின்ற மாதிரி இனித்தது. ஒரு கிழவன் பயந்து நடுங்குவதில் என்ன இன்பம் என்று நல்லவர்கள் கேட்கலாம். கலஃபை யாரும் நல்லவன் என்று சொன்னதில்லை.

கடைசியில் ஹாஜி ஊர்த் தலைவர் உம்தா ஃபர்கலியிடம் ஆள் அனுப்பினார். உம்தா பழைய மனிதர், அந்தப் பக்கத்தில் எத்தனையோ பழிகளைப் பேசி முடித்தவர். அவர் கூட்டும் சமரசக் கூட்டத்தில் சொன்ன சொல்லை யாரும் திரும்பப் பெற்றதில்லை. அவரே நடந்து கலஃப் வீட்டுக்கு வந்தார்.

"கலஃபு, என்ன கேக்கறே சொல்லு. ஹாஜி நிறையத் தரத் தயாரா இருக்கான்."

"ஒரு காசு வேணாம் உம்தா."

உம்தா அவனை உற்றுப் பார்த்தார். "கையை விக்க மாட்டேங்கறே. பின்ன?"

"கஃபன் எடுத்துட்டு வரட்டும். வெறுங்காலோட நடந்து வரட்டும். நான் யாரு, யாருகிட்ட வேலை செஞ்சேன், என் கை எப்படிப் போச்சுன்னு ஊர் முன்னாடி தன் வாயால சொல்லட்டும். என்னைத் திருடன்னு சொன்ன வாய் அது. அது சொன்னாப் போதும், ரத்தத்தை மன்னிச்சுடறேன்."

கொலை செய்தவன்தான் அங்கே கஃபன் சுமப்பான். தன் சவத்துணியைத் தானே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, இதோ என் உயிர், எடுத்தாலும் சரி விட்டாலும் சரி என்று செத்தவன் வீட்டார் முன்னால் போய் நிற்பான். ஒரு கைக்காக யார் சுமந்தது? ஜவுளிக்கடைக்காரன் ஊரெல்லாம் கேட்டு நகைத்தான்: "முழு ஆளுக்கு மூணு துண்டு. ஒரு கைக்கு எத்தனை முழம் கிழிக்கட்டும்?" உம்தாவிடம் கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, கைக்கென்று தனி அளவு கிடையாது, முழுசாக எடுத்து வா என்றார்.

ஹாஜி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாராம். "கிறுக்குப் பய, ஒரு காசுகூடக் கேக்கலை. நாலு வார்த்தை தானே, காத்துல போற வார்த்தை" என்று மச்சினனிடம் சொன்னார். கலஃபின் காதுக்கும் இது வந்து சேர்ந்தது.

ஊர் மைதானத்தில் பந்தல் போட்டு நாற்காலி போட்டார்கள். நாலு ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். குவாரி ஆட்களையும் ஹாஜியே வரச் சொல்லியிருந்தார். தன் பக்கம் ஆள் கூட்டம் தெரிய வேண்டும் அல்லவா? அவர் தலைப்பாகை இல்லாமல், செருப்பு இல்லாமல், இரண்டு கைகளிலும் வெள்ளைத் துணியை ஏந்திக்கொண்டு வந்தார். பக்கத்தில் உம்தா நடந்தார். கலஃப் தன் வம்சத்தாரோடு எதிரில் நின்றான்.

முதலில் ஹாஜியின் குரல் தயங்கியது. பிறகு கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குச் சூடு பிடித்துவிட்டது. மேடை கிடைத்தால் விடாத மனிதர். அந்த நாட்டு வழக்கமும் அதுதான். எதிரியை எவ்வளவு உயர்த்திச் சொல்கிறானோ அவ்வளவுக்கு மன்னிப்புக் கேட்பவனுக்கும் மரியாதை.

"ஜனங்களே, கேளுங்க. இந்த கலஃப் திருடன் இல்லை. அப்படிச் சொன்ன என் நாக்கு வெக்கப்படுது. இவன் தாடி முளைக்கறதுக்கு முந்தியே என்கிட்ட வந்தவன். என் உப்பைத் தின்னு, என் கூலி வாங்கி, என் மெஷினை ஓட்டுனவன். அதுல நிக்கறப்பதான் இவன் கை போச்சு. மூடியைக் கழட்டச் சொன்னதும் என் வாய்தான். இதோ நிக்கறானே பக்கீத், இவன், அவன், இவங்க அத்தனை பேரும் என் ஆளுங்க, வருஷக்கணக்கா என் பிள்ளைங்க. என் பிள்ளையோட கையை நானே தின்னுட்டேன். இதோ என் கஃபன்."

பெரியவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கலஃப் முன்னால் வந்து, இடது கையால் துணியை எடுத்துக்கொண்டான். "ரத்தம் மன்னிச்சாச்சு," என்றான். எல்லாரும் ஃபாத்திஹா ஓதினார்கள். ஹாஜி அவனைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தவரின் தோளுக்கு மேலாகக் கலஃப் பக்கீத்தைப் பார்த்தான், பக்கீத் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே கலஃப் மின்யாவுக்குப் படகேறினான். தமியானா முழுக்கதையையும் கேட்டாள். "எத்தனை பேர் காதுல விழுந்துச்சு?"

"நாலு ஊர்."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டா பாவி," என்றாள். பழிவாங்கும் பேச்சு அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் சாட்சிப் பட்டியலில் முதல் பேராக உம்தா ஃபர்கலியை எழுதினாள்.

சம்மன் வந்த அன்று உம்தா மறுபடி கலஃப் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை டீயைத் தொடவில்லை.

"என் கூட்டத்தை வலையா விரிச்சிட்டே."

"நான் பொய் ஏதும் சொல்லலையே உம்தா. அவனையும் பொய் சொல்லச் சொல்லலை."

"அதுதான் எரியுது. கேட்டா சொல்லுவேன், என் கூட்டத்துல பேசுனதை நான் முழுங்க மாட்டேன். ஆனா கேட்டுக்கோ. இனிமே உன் வீட்டுக்காக நான் கூட்டம் கூட்ட மாட்டேன். உன் மகன் யாரையாவது அடிச்சாலும் சரி, யாராவது உன் மகனை அடிச்சாலும் சரி. நீ கவர்மெண்டைப் புடிச்சே, அதையே புடிச்சுட்டு இரு."

இது சின்ன விஷயம் அல்ல. அந்த மண்ணில் சமரசம் பேச ஆளில்லாத வீடு கூரையில்லாத வீடு. பஹீஜா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டாள். கலஃபுக்கும் உறைத்தது. ஆனால் போலீஸ்காரர் கேட்ட கேள்வி அவன் காதில் இன்னும் இருந்தது. "சரி உம்தா," என்று மட்டும் சொன்னான்.

நீதிமன்றத்தில் ஹாஜியின் வக்கீல் நன்றாகவே பேசினார். உயிருக்குப் பயந்து ஊர்க்கூட்டத்தில் சொன்ன சம்பிரதாய வார்த்தைகள் அவை, கல்யாண வீட்டில் சம்பந்தியைச் சுல்தான் என்று சொல்வதில்லையா, அதற்காக அவன் சுல்தான் ஆகிவிடுவானா என்றார். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பிறகு உம்தா ஏறினார். ஹாஜி சொன்னதை, அவருடைய ஏற்ற இறக்கத்தோடு, மூடியைக் கழட்டச் சொன்ன வாய் உட்பட, ஒரு சொல் விடாமல் சொன்னார். கலஃபின் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

நீதிபதி ஹாஜியை முன்னால் அழைத்தார். "உம்தா சொன்னதை நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அது உண்மையா, பொய்யா?"

உண்மை என்றால் கலஃப் அவருடைய தொழிலாளி, பக்கீத்தும் மற்றவர்களும் அப்படியே. காப்பீட்டு அலுவலகம் ஆண்டாண்டு பாக்கியோடு வந்து குவாரி வாசலில் நிற்கும். பொய் என்றால் கஃபனை ஏந்திக்கொண்டு பொய் சொன்னவன் ஆவார். சமரசம் உடையும், ரத்தம் மறுபடி திறக்கும். முதல் வரிசையில் உம்தா உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பின்னால் கலஃபின் வம்சத்தார் தடிகளைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கலஃப் ஹாஜியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவன் அந்தத் தெருவில் தினமும் நடந்தான்.

"உண்மைதான்," என்றார் ஹாஜி. சத்தம் வெளியே வரவில்லை. நீதிபதி மறுபடி சொல்லச் சொன்னார்.

தீர்ப்பு அடுத்த அமர்வில் வந்தது. கலஃப் ஹாஜியின் தொழிலாளி, காயம் வேலையில் பட்ட காயம், ஓய்வூதியம் ஆயுள் முழுவதும். ஹாஜி நடைவழியில் அவனுக்காகக் காத்திருந்தார். ஒரே மாதத்தில் பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார்.

"கட்டிப் புடிச்சேனேடா உன்னை. மன்னிச்சேன்னு சொன்னியே."

"மன்னிச்சேன். அலுவலகம் மன்னிக்கலை. அது என் கையில இல்லை."

"இதுக்கு நீ என் கையையே வெட்டியிருக்கலாம்."

"வெட்டியிருந்தா ஊரே உங்க வீட்டுக்குத் துக்கம் கேக்க வந்திருக்கும் ஹாஜியாரே," என்றான் கலஃப். "இதுக்கு யாரு வருவா?"

ஹாஜி வாசலை நோக்கி நடந்தார். நடைவழியின் இரண்டு பக்கமும் சுவரோரமாகக் குவாரி ஆட்கள், தங்கள் பேரையும் பதியவைக்கக் கேட்டு, தமியானாவைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். முதலாவதாக நின்றவன் பக்கீத். ஹாஜி அவர்களுக்கு நடுவே கடந்து போனார். ஒருவரும் சலாம் சொல்லவில்லை.